ஒரு இறாத்தல் பாண்

வெள்ளவத்தையில் ஒரு பேக்கரி வாசலில் எங்கள் வான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிய கிஷாந்த், திரும்பி வரும்போது கையில் ஒரு இறாத்தல் பாண் வைத்திருந்தான். கொள்ளுப்பிட்டியில் உள்ள பெரிய சுற்றுலாக் கம்பனி ஒன்றின் ஆள் அவன். அன்று பார்க்க வந்த எங்கள் படகுச் சுற்றுலா பிடித்துப்போனால் இந்த சீசனுக்கு வரும் தங்கள் வெள்ளைக்காரர்களை எல்லாம் எங்களிடம் அனுப்புவான். பிடிக்காவிட்டால் எங்கள் சின்னக் கம்பனியை மூடிவிட்டு என் மனைவி மிதுனா பழையபடி டியூஷன் வகுப்பில் விலங்கியல் படிப்பிக்கப் போகவேண்டியதுதான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது என்று காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

“பாண் ஆருக்கு?” என்று மிதுனா கேட்டாள்.

“குரங்குக்கு அக்கா. மற்றப் படகுகளிலை இதைக் காட்டினவுடனை மடியிலையே வந்து குந்துமாம். கெஸ்ட்மாருக்கு அதுதானே விருப்பம்.”

நான் மிதுனாவின் முகத்தைப் பார்த்தேன். சேலை விலையில்கூடப் பேரம் பேசத் தெரியாத மனுசி, காட்டு விலங்கு, பறவை விசயத்தில் மட்டும் ஒரு அங்குலம் விடமாட்டாள். பறவைக் கூடு கண்டால் படகு எஞ்சினை நிறுத்தவேண்டும். குப்பை எவனுடையதாக இருந்தாலும் நாங்கள் பொறுக்கி வரவேண்டும். யாரோ சதுப்பில் எறிந்த போத்தல்களை, லிஃப்ட் வேலை செய்யாத நாளில், எங்கள் நாலாம் மாடிக்குச் சுமந்தவன் நான்தான். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் இவளைக் கட்டினேன் என்பதால் யாரிடம் போய் முறையிடுவது?

முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் எங்கள் படகோட்டி நிரோஷன் கண்டல் மரங்களுக்குக் கீழே எஞ்சினை நிறுத்தினான். கிளைகளில் குரங்குகள். அன்று எங்களுடன் வந்திருந்த ஜேர்மன் தம்பதி கமராவைத் தூக்கினார்கள். கிஷாந்த் பாணைப் பிய்க்கப் போனான்.

“இஞ்ச தாங்கோ தம்பி,” என்று மிதுனா அதை வாங்கிக்கொண்டாள். “பாண் பழகின குரங்கு நாளைக்கு நிரோஷன்ரை ஊர்க் குசினிக்குள்ளை சோத்துப் பானை தேடிப் போகும். சனம் கல்லாலை எறியும். போன மாரியிலை ஒரு தாய்க்குரங்கு அப்பிடித்தான் செத்தது.”

அவன் முகம் கறுத்தது. “நான் ஒபிசிலை என்னெண்டு சொல்றது அக்கா?”

மிதுனா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தேங்காய்ச் சம்பலை வெளியே எடுத்தாள். பாணைப் பிய்த்துச் சம்பல் வைத்து விருந்தாளிகளுக்கு, நிரோஷனுக்கு, எனக்கு, கடைசியாகக் கிஷாந்துக்கு என்று கொடுத்தாள். ஜேர்மன்காரர் உறைப்பில் கண் கலங்கி இன்னும் கொஞ்சம் கேட்டார். சீசன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றில் குட்டி தொங்க, ஒரு குரங்கு தாழ்ந்த கிளைவரை இறங்கி வந்தது. கிஷாந்தின் பங்கு இன்னும் அவன் கையிலேயே இருந்தது. அந்தக் கை குரங்கை நோக்கி மெல்ல உயர்ந்தது. மிதுனா அவனைத் தடுக்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். குரங்கு அந்தக் கையைப் பார்த்தது. பிறகு குரங்கு ஒரு தளிரைப் பறித்து மென்றது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கிஷாந்த் பாணைத் தன் வாயில் வைத்து, அதைப்போலவே மெதுவாக மெல்லத் தொடங்கினான்.