துரு இருக்கும்வரை

ராஜலிங்கத்தின் கராஜில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் சத்தம் எழும்பினால் அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கெட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். கலஹாப் பக்கத்து ஆட்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வீட்டு ரேடியோ கொஞ்சம் கூடக் கத்தினாலே வேலியோரம் வந்து நிற்கிறவர்கள்தான். இந்தச் சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த மனுசன், எதையாவது தேய்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பறிகொடுத்த என்ற சொல்லை அவர் காதுபடச் சொல்ல மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கராஜில் நின்றது ஒரு பழைய மொரிஸ் மைனர் பிக்கப்பின் கெபின், ஆள் ஏறி ஓட்டும் முன்கூடு மட்டும். அறுபது வயதுக்கு மேலான வண்டி. மகன் தினேஸ் அதைத் தெல்தெனியாவில் வண்டித் தகடு ஒட்டும் டிங்கர் வேலை செய்யும் ஹாஷிமின் வளவிலிருந்து வாங்கி, தான் ஓட்டும் மரக்கறி லொறியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கிவைத்த அன்று ராஜலிங்கம் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூடு வேணும்னு சொல்லியிருந்தா நானே புதுசா அடிச்சுக் குடுத்திருப்பேனேடா" என்றார். அம்மா நல்லம்மா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அடித்தகடு இற்றுப்போய்க் கீழே தரை தெரிந்தது. "ஏன்டா, இதுல ஏறினா காலாலதான் ஓடணும் போலயே" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

தினேஸ் விடவில்லை. லொறி ஓடாத நாட்களில் துருவைச் சுரண்டினான். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த தகப்பனும் திட்டிக்கொண்டே கை கொடுக்க ஆரம்பித்தார். திட்டுவது அவருடைய ஆசையைக் காட்டும் விதம். அது மகனுக்கும் தெரியும்.

அதற்குள் கார்த்திகை மாதத்துப் பெருமழை வந்தது. தெல்தெனியப் பக்கம் லோட் இறக்கப் போன தினேஸ் பாதை மூடியதால் திரும்ப முடியாமல் ஒரு கூட்டாளி வீட்டில் தங்கினான். அம்மாவுக்குப் போன் எடுத்து, சோறு சாப்பிட்டாயிற்று, கவலைப்படாதே என்று சொன்னான். விடிவதற்குள் மேலேயிருந்த மலை சரிந்து அந்த வீட்டின் மேல் இறங்கிவிட்டது.

ஆமிக்காரர்கள் வந்தார்கள். மண் தோண்டும் பெக்கோ வந்தது. வீட்டுக்காரர்களின் உடல்கள் கிடைத்தன. தினேஸ் கிடைக்கவில்லை. ராஜலிங்கம் மண்வெட்டியோடு அவர்கள் கூடவே நின்று தோண்டினார். மலை மறுபடியும் வெடிப்பு விடுகிறது, இனி ஆட்களை வைத்திருக்க ஏலாது என்று சொல்லி எல்லாரையும் கீழே இறக்கினார்கள். அவரை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் குளித்துவிட்டு, வாசலில் காத்திருந்த நல்லம்மாவிடம் ஒரே பேச்சாகச் சொன்னார். "ஒரு செருப்புக்கூட கெடைக்கல புள்ள. அங்க இருந்தா எதாச்சும் கெடைச்சிருக்கும். அவன் அதுக்கு முந்தியே வெளிய போயிட்டான். எங்கயாச்சும் தலையில அடிபட்டு, யாரு என்னன்னு சொல்லத் தெரியாம கெடப்பான். வருவான். நீ அழக் கூடாது. உசுரோட இருக்கிற புள்ளைக்கு அழுதா அது அவனுக்கு ஆகாது."

நல்லம்மா அழவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடானாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் நல்லம்மாவுடையது. ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் மாரடித்து அழுதவள், தன் வயிற்றில் பிறந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். ஒருவேளை வந்துவிடுவானோ, நம் அழுகை அவனுக்குக் கெடுதலாகிவிடுமோ என்ற பயம். எந்தத் தாய் அந்தப் பயத்தோடு விளையாடுவாள்?

அழுகைச் சத்தம் கேட்காத வீட்டுக்குத் துக்கம் கேட்க எப்படிப் போவது? ஊராருக்கும் அது பெரிய சிக்கலாகிவிட்டது. வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், மழையைப் பற்றியும் கொழுந்து விலையைப் பற்றியும் பேசினார்கள், போய்விட்டார்கள். கிராம சேவகர் மரணப் பதிவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தபோது ராஜலிங்கம் கையெழுத்துப் போடாமல் அவரை வாசல் கடப்படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மாதங்கள் போயின. ஆண்டு திரும்புவதற்குள் காரியத்தை முடிக்காவிட்டால் பிள்ளை அந்தரத்தில் அலையும் என்று உறவுக்காரர்கள் நெருக்கத் தொடங்கினார்கள். கோயில் பூசாரியும் வந்து உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னார். உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து தகனம் செய்யலாம், கல்யாணமாகாத பையன், கூடப்பிறந்தவனும் இல்லை, ஆகையால் தகப்பன் கையால்தான் நெருப்பு வைக்க வேண்டும் என்றார். ராஜலிங்கம் நிமிராமலே, "அவன் தொடங்கின வேல கராஜில கெடக்கு. அந்தக் கெபின்ல ஒரு பொட்டுத் துரு இல்லாம எடுத்து முடிச்சிடுறேன். முடிச்ச அன்னைக்கு நீங்க சொல்ற எல்லாத்தையும் செய்றேன்" என்றார். கதவோரம் நின்ற நல்லம்மா அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் அந்தக் கெபின்மேல் ஒரு கண்.

முதலில் வேலை நேர்மையாகத்தான் நடந்தது. அடித்தகட்டை வெட்டி எடுத்தால் கெபின் வளைந்து கதவு பொருந்தாமல் போகும் என்று, கதவு திறக்கும் வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து ஒட்டவைத்துவிட்டுத்தான் வெட்டினார். கதவுக்குக் கீழே இருக்கும் பட்டைகளைக் கையால் கிள்ளியே எடுக்க முடிந்தது. கூரையின் விளிம்பில், கண்ணாடி ரப்பருக்கு அடியில், சீட் ஏறும் இடத்தில் என்று துரு இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். இற்ற தகடு செத்த சத்தம் கொடுக்கும். நல்ல தகடு ணங்கென்று பேசும். செத்த சத்தம் வந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டு, வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டி, மட்டமாகத் தேய்ப்பார். வேலை செய்யும்போது மகனோடு பேசுவதும் உண்டு. "நீ வெட்டின லட்சணத்தப் பாரு" என்று திட்டுவார்.

ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், கூரையிலிருந்து அடிவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் ணங்கென்றது. திரும்பவும் தட்டினார். அடித்தகட்டில் குனிந்து, மூலைகளில் விரலை விட்டு, டோர்ச் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. பிரைமர் அடிக்கலாம், பெயின்ட் அடிக்கலாம், பிறகு தர்ப்பைப் புல்லுக்கு நெருப்பு வைக்கலாம். சுத்தியலை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். வேலை எப்படிப் போகிறது என்று நல்லம்மா கேட்டாள். "இன்னும் கெடக்கு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் காலையில் இடது பக்கக் கதவுக்குப் பின்னால், நல்ல தகட்டின்மேல், சோக்கால் வட்டம் போட்டு வெட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதுதான். நல்ல இரும்பை வெட்டுவார், நல்ல இரும்பை ஒட்டுவார், தேய்ப்பார். அதையே மறுபடி வெட்டுவார். தொழில் தெரிந்த மனுசன் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். அவரும் தன்னிடம் அதையே கேட்டார். ஆனால் துரு இருக்கும்வரை தினேஸ் எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையில் கட்டோடு படுத்திருந்தான். துரு தீர்ந்துவிட்டால் அந்தக் கட்டிலில் ஆளில்லை.

நல்லம்மா எத்தனை நாள் பொறுப்பாள்? புரட்டாசியில் அவளே ஹாஷிமுக்குப் போன் எடுத்து, வந்து ஒருக்கால் பாருங்கள் என்றாள். அவர் பிரைமரும் ஸ்பிரே கன்னும் பையில் போட்டுக்கொண்டு தெல்தெனியாவிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார். கெபினைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டே வந்தவர், மூலையில் குவிந்து கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கண்டு நின்றார். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். புதுத் தகடு, விளிம்பில் ஒட்டின தழும்போடு பளபளத்தது.

"அண்ணன், இது நல்ல தகடு. இத ஏன் வெட்டின?"

"உள்ள துரு இருந்திச்சு ஹாஷிம் நானா."

"இந்த எடத்த முந்தியும் வெட்டி ஈக்கே."

ராஜலிங்கம் கிரைண்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினார். ஏற்கெனவே சுற்றியிருந்த வயர் அது. ஹாஷிம் அவர் முகத்தைப் பார்த்தார். துண்டுகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, ஸ்பிரே கன்னைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"மழை வாற மாதிரி ஈக்கி. ஈரத்துல பிரைமர் பிடிக்காது. நான் பொறகொரு நாள் வாறன்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தேத்தண்ணியோடு வந்த நல்லம்மா அவர் போவதைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இதுல எங்கங்க துரு?"

"ஒனக்கு இதெல்லாம் விளங்காது. உள்ள போ."

"முப்பது வருசம் தோட்டத்து லயத்துல தகரக் கூரைக்குக் கீழ படுத்தவ நான். துருத் தகரத்துல மழை விழுந்தா எப்படிக் கேக்கும்னு எனக்கா தெரியாது?"

சுத்தியலை எடுத்தாள். கதவில் தட்டினாள். பின்பக்கம் போய்த் தட்டினாள். குனிந்து அடித்தகட்டில் தட்டினாள். எங்கே தட்டினாலும் ணங், ணங் என்றே கேட்டது. ராஜலிங்கம் அவள் பின்னாலேயே போனார். "அங்க இல்ல, இங்க" என்று கூரையின் ஒரு மூலையைக் காட்டினார். எட்டித் தட்டினாள். அதுவும் ணங்கென்றது. "அப்ப இங்க" என்றார். அந்த இடமும் அப்படியே. அவள் ஒவ்வொன்றையும் பொறுமையாகத் தட்டினாள். காட்டுவதற்கு இனி இடமில்லாமல் அவர் கை கீழே இறங்கியது.

"இத முடிச்சா அவன நானே முடிச்ச மாதிரி நல்லம்மா" என்றார். "என் கையால நெருப்பு வைக்கச் சொல்றாங்க. எப்படி வைப்பேன்?"

"நீங்க முடிக்கல. மலை முடிச்சிருச்சு. அன்னைக்கே முடிச்சிருச்சு." நல்லம்மாவின் குரல் அடங்கியே இருந்தது. "நீங்க சொன்னீங்கன்னு நான் இத்தன நாளா அழல. நெஞ்சு கட்டியாப் போயிருச்சுங்க. பெத்தவ நான். என் புள்ளைக்கு நான் அழணும்."

அவர் அவளைப் பார்த்தார். பத்து மாதத்தில் அவள் கிழவியாகிப் போயிருந்தாள். பக்கத்திலேயே இருந்தும் அதை அவர் பார்க்கவில்லை. தனக்கொரு நம்பிக்கை வேண்டுமென்று இவளுடைய கண்ணீரையல்லவா பூட்டி வைத்திருந்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"அழு புள்ள" என்றார்.

முதலில் சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு வந்தது. என் ராசா என்று அவள் தொடங்கிய அந்தக் குரல் கராஜின் தகரத்தில் மோதி, வேலி தாண்டி, தேயிலைக்குள் இறங்கி, எதிர் மேட்டு லயம்வரை போனது. ராஜலிங்கம் கெபினைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கேட்டவர்கள் யாரும் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து பெண்கள் வந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் நேரே நல்லம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து குரல் கொடுத்தார்கள். கார்த்திகையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அவர்களிடமும் இருந்தது. ஆண்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரோ கோயிலிலிருந்து ஆட்கள் உட்காரக் கதிரைகளைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்கள். யாரோ பூசாரிக்கு ஆள் அனுப்பினார்கள்.

கீழ் வீட்டு அழகமுத்துவும் வந்தார். அந்தப் பக்கத்தில் எந்தச் சாவு வீடானாலும் வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்கிறவர் அவர்தான். வந்ததும் வராததுமாக, வீட்டுக்காரரிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை ராஜலிங்கத்திடம் குனிந்து கேட்டுவிட்டார்.

"எப்பண்ணே எடுக்கிறது?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. எடுக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது? கதிரை விரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அழகமுத்துவின் முகம் வெளிறிப்போயிற்று. "பழக்கத்துல வாய் தவறிருச்சுண்ணே" என்று அவருடைய கையைப் பிடித்தார்.

ராஜலிங்கம் அந்தக் கையைப் பற்றிக்கொண்டே எழுந்தார். துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில" என்றார். "வெயில் ஏற முந்தி எடுத்துருவோம்."

அழகமுத்து சரியென்று தலையை ஆட்டிவிட்டு, விறகுக்குச் சொல்லப் போனார்.