இறங்காத ஐம்பத்தெட்டு கிலோ

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு, வெற்றி ஒரு பெண்மணியை வெள்ளத்திலிருந்து முதுகில் தூக்கிவந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கினான். அவர் இறங்கினார், அவருடைய எடை இறங்கவில்லை. தகனினி புறநகரில் அவன் வீட்டு எடை மெஷின் மறுவாரம் நூற்றிருபத்தொன்பது காட்டியது. எழுபத்தொன்று அவனுடையது. மிச்சம் ஐம்பத்தெட்டு. மனைவி வைஷாலி புது பேட்டரி போட்டுப் பார்த்தாள். அதேதான்.

வெற்றிக்குப் பக்கத்து ஊரான விரியில் ஒரு கிடங்கில் வேலை. அதோடு பகுதி நேரப் படைவீரன். வெள்ளம், புயல் என்று அரசு கூப்பிட்டால் போக வேண்டும். போகும் நாளுக்கு நாட்சம்பளம், வெளியே தங்கினால் படி. அந்த முறை கூப்பிட்டது நான்கு நாளுக்கு. சம்பளம் ஐந்தாம் நாளுக்கும் வந்தது, ஐம்பதாம் நாளுக்கும் வந்தது. தவறிப்போய் வருகிறது என்று சம்பளப் பிரிவுக்கு போன் செய்தான். எழுத்தர் பதிவைப் பார்த்துவிட்டு, தவறில்லை என்றார். படையில் எதை ஒப்படைத்தாலும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட வேண்டும். அன்றைய நெரிசலில் அந்தப் பெண்மணிக்கு யாரும் கையெழுத்திடவில்லை. ஆகவே அவன் இன்னும் சுமக்கிறான். சுமக்கிறவரை பணியில் இருக்கிறான். சுமைப்படி விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். வரிப் பிடித்தம் உண்டு.

அந்தப் பணத்தில் மூன்று வருடம் வீட்டுக் கடன், மார்ட்கேஜ், தட்டில்லாமல் போனது. கிடங்கில் அவன் ஏறிய ஏணிகள் வளைந்ததால் அவனைத் தரையோடு நிறுத்திக்கொண்டார்கள். இடது முழங்கால் நோக ஆரம்பித்தது, மழைக்கு அதிகமாக. வெள்ளம் வந்த வருடக் குளிர்காலத்தில் பிறந்த மகள் மஹதி உப்பு மூட்டை கேட்கும் வயதுக்கு வந்தாள். எத்தனை முறை ஏறினாலும் வழுக்கி விழுந்தாள். தரையில் உட்கார்ந்தபடி, அங்கே ஏற்கெனவே ஒரு ஆன்ட்டி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் கேட்பதில்லை.

"நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போறேன், மார்ட்கேஜைப் பாத்துக்கலாம்," என்றாள் வைஷாலி. "போய் இறக்கி வச்சுட்டு வாங்க. மூணு வருஷமா அந்தம்மா நம்ம கட்டில்லதான் படுக்குது."

எடையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடச் சம்பளப் பிரிவு அனுப்பிய தாளோடு வெற்றி ஒனிஹங்காவில் அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனான். யோகராணி கதவைத் திறந்தார். தரைக்கு ஒரு சாண் மேலே நின்றார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கதவுக் கைப்பிடியில் இருந்தது.

"முகம் பிடிபடேல்லை. ஒருக்காத் திரும்புங்கோ, தம்பி." அவன் திரும்பினான். "ஓம், இந்த முதுகுதான். உள்ள வாங்கோ."

பொதி கட்டும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றே வேலை செய்தவர். வெள்ளத்துக்கு முன் ரயில் நிலையப் படி ஏற முடியாது, இப்போது படியே தேவையில்லை என்றார். கடைக்குப் போனால் முதலில் பத்துக் கிலோ அரிசியைத் தள்ளுவண்டியில் போட்டு அதைப் பிடித்துக்கொள்வாராம். தேநீர் வைத்தார். வெற்றி நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, தாளை மேசையில் வைத்தான்.

"இடது முழங்காலோ?"

"ஆமா."

"மழைக்குக் கூடும், என்ன?"

"ஆமாங்க."

யோகராணி தாளை இரண்டு தரம் வாசித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அது என்ர முழங்கால் நோ," என்றார். "அதையும் சேத்துத்தானே நான் வாங்கோணும், தம்பி?"