முந்திரிக்கொட்டை அண்ணாச்சி

சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் நாறும்பூநாதனுக்கு ஊர் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. சும்மா வைக்கவில்லை. ரேஷன் கடையோ, பேங்கோ, கோமதியம்மன் சந்நிதியோ, எங்கே வரிசை நின்றாலும் அவர்தான் முதல் ஆள். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனையே இடித்துத் தள்ளிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார் மனுஷன். அப்பளம் தீர்ந்துவிடும் என்று பயந்துவிட்டார் போல என்று பந்தியே சிரித்தது. மனைவி மாலதிக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஆள், "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று வழிவிட்டு வழிவிட்டே பஸ்ஸைக் கோட்டை விடுகிறவர்.

சலூன் கொலையோடு அந்த வழக்கம் நின்றது. பத்து நாள் டிவியில் ஓடிய விவகாரம் அது. யாரையோ தேடி அரிவாளோடு வந்தவர்கள், முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த மாரிக்கண்ணனை அந்த ஆள் என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். தடுத்த கடைக்காரரும் செத்தார். பெஞ்சுக்கடியில் கிடந்து பிழைத்தவர் நாறும்பூநாதன் ஒருத்தர்தான். போலீஸ் கேட்டதையெல்லாம் சொன்னார். யாரும் கேட்காத ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த நாற்காலி அவர் முறை. "நீரு முதல்ல உக்காரும்வே" என்று மாரிக்கண்ணனை அவர்தான் உட்கார வைத்தார். தனக்கு வருகிற கேடு இனி எவனுக்கும் போய்விடக் கூடாது என்றுதான் இந்த முந்தலெல்லாம்.

நாளைக்குத் திருநெல்வேலி கோர்ட்டில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். வக்கீல் துருவினால் இதுவும் வெளியே வந்துவிடும். மாரிக்கண்ணனின் மனைவி ஜெயசித்ரா வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வருகிறவள். அங்கே வைத்து அவள் காதில் விழுவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று சாயங்காலம் கிளம்பினார். அவள் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குப் போகிற வழியில் இரண்டு தடவை வந்த வழியே திரும்பியும் நடந்தார்.

கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும், "சத்துமாவு வரிசை காலையிலயே முடிஞ்சிட்டே அண்ணாச்சி" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதுக்கா நாலு வருசமா என்னயக் கண்டா அடுத்த தெருவுல புகுந்து ஓடுதீய?"

"நான் விட்டுக்குடுக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரும்மா."

"நீங்க எங்க விட்டுக்குடுத்தீய? அவுக கெட்டிமேளம் சொல்லுததுக்கு முன்னயே தாலியக் கட்டுன ஆளு. நீங்க சொல்லாட்டாலும் முந்திப் போய் உக்காந்திருப்பாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பொய் என்று அவருக்குத் தெரியும். மாரிக்கண்ணன் எதற்கும் முந்துகிற ஆள் இல்லை. அன்றைக்குக்கூட, "இருக்கட்டும் அண்ணாச்சி, நீங்க முடிங்க" என்று மூன்று தரம் மறுத்தான். தோளைப் பிடித்து அழுத்தித்தான் உட்கார வைத்தார். கட்டின புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தனக்காக ஒரு பொய் சொல்கிறாள் என்று நினைத்ததும் தெருவில் நின்றே அழுதுவிட்டார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி வந்து நின்றது. முந்திரிக்கொட்டை இடிக்கும் என்று தெரிந்த கூட்டம் தானாக விலகியது. அவரும் படியில் கால் வைத்தார். பின்னால் ஜெயசித்ரா நிற்பதைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டார்.

"நீ முதல்ல ஏறும்மா."

நாலு வருஷமாக வாயில் வராத வார்த்தை. சொல்லிவிட்டுப் படியை விட்டு ஒதுங்கி நின்றார். கண்டக்டர், அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

ஜெயசித்ரா படியில் நின்று திரும்பினாள்.

"அவுகளும் இப்பிடித்தான் அண்ணாச்சி. எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுத்தான் ஏறுவாக."

அப்புறம் உள்ளே போய், எதிர் சீட்டில் தன் பையைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்தாள்.