தக்காளிப் பாத்தி மண்

எனக்கு வந்ததே ஆத்திரம். இரண்டு தட்டுமே காலி.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அனல் மின் நிலையத்துச் சாம்பலை ஏரிக்கரையில் கொட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். ஊரே குடிக்கிற ஏரி. சாம்பலில் ஊறி வடிந்த தண்ணீரை ஊற்றிய மண்ணிலும் நல்ல மண்ணிலும் எவ்வளவு பாக்டீரியா பிழைக்கிறது என்று கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து ஒப்பிட வேண்டும். நல்ல மண்ணுக்கு எங்கே அலைவதென்று, என் வீட்டுத் தக்காளிப் பாத்தியிலிருந்தே ஒரு டப்பா அள்ளி வந்திருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. சாம்பலால பாதிப்பு இல்லன்னு எழுதிடும்மா. வெள்ளிக்கிழமை அனுப்பணும்" என்றார் மேலாளர்.

"நான் கையெழுத்து போட மாட்டேன் சார். நல்ல மண்ணுல ஒண்ணுமே வளராம இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாத்தியைக் கிளறினேன். விரலில் மாவு மாதிரி சாம்பல் ஒட்டியது. ஊர் மண்ணையெல்லாம் சோதிக்கிற மகராசி, சொந்த வீட்டு மண்ணைப் பார்க்கவில்லை. அந்த மின் நிலையத்தில் கொதிகலன் பார்க்கிற என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"நத்தை செடியெல்லாம் தின்னுதுன்னு அழுதியே. சாம்பல் போட்டா அண்டாதுன்னு வாரம் ஒரு பை கொண்டாந்து போட்டேன். மூணு மாசமா. சொன்னா திட்டுவே."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. எனக்காகச் சுமந்திருக்கிறார், இந்த மனுஷன்.

"இதையும் அறிக்கையில எழுதணும். சாம்பல் எப்படி வெளிய வந்துச்சுன்னு கேப்பாங்க. உங்க வேலை போயிடும்ங்க."

என் விரலில் ஒட்டியிருந்த சாம்பலைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். "நம்ம பொண்ணும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது. எழுது."

அன்று மாலையே சைக்கிளை மிதித்து, குன்றுப் பக்கமிருந்து சாம்பல் படாத மண் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கூடத்துக்கே வந்து, குன்று மண்ணின் தட்டு மேல் குனிந்தார். வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். விரலால் தொடாமல் எண்ணினார். "நூத்திப் பன்னெண்டு. எல்லாம் உசுரோடதானே இருக்கு?"

"இருக்குங்க."

அறிக்கையில் மூன்று தட்டையும் எழுதினேன். வீட்டு மண்ணில் சாம்பல் போட்டது யார் என்ற இடத்தில் மட்டும் கை ஓடவில்லை. அவர் பேனாவை வாங்கி, தன் பெயரையும் வேலையையும் நிதானமாக எழுதிவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பினார்.