தாய்மாமன் மடி

மாதவிக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அண்ணன் சுகுமாறன். அப்பா போய்ப் பதினாறு வருஷம், அம்மா போய் ஒன்பது. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் அந்த அண்ணன்தான் அவளைப் படிக்கவைத்தான், லோகனுக்குக் கட்டிக்கொடுத்தான், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது வீட்டில் வேறு எதற்கு என்பான்.

இப்போது மாதவியின் மகள் தஷ்வினிக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. பிள்ளைக்கு ஐந்து வயது. ஆறு பிறந்துவிட்டால் இரட்டைப்படை, இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் வருவானா, வந்தாலும் பிள்ளை அவன் மடியில் உட்காருமா என்று மாதவிக்குத் தெரியவில்லை. இதில் விதியைக் குறை சொல்ல வழியில்லை. எல்லாம் அவள் கைப்பேசியில் அவளே செய்துகொண்ட காரியம்.

தஷ்வினிக்கு மூன்று வயதில் டிங்கி காய்ச்சல் வந்தது. ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கி, டாக்டர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திய அன்று, சுகுமாறன் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய் நின்றான். தோட்டம் என்றைக்கோ வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. கோயில் மட்டும் ஒரு மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் மிஞ்சியிருக்கிறது. பிள்ளை பிழைத்தால் ஒரு கருப்புக் கிடா என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள்.

வெட்டுகிறவனும் அவன்தான். அவர்கள் அப்பாவுக்குப் பிறகு அந்தக் கோயிலில் அரிவாளைத் தொட்டவன் அவன் ஒருவனே. முதல் நாளே விரதம். யாரோடும் பேச மாட்டான். ஆட்டுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். மாதவி லோகனுடைய சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடு தன் கழுத்து மாலையிலிருந்த வேப்பிலையை எட்டிப் பிடித்துத் தின்றுகொண்டே எல்லோரையும் பார்த்தது. மூன்றாவது சொம்புத் தண்ணீருக்கு உடம்பைச் சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த நொடி எல்லாம் முடிந்தது. மாதவி ஓடிப்போய்ச் சாலையோர வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் வாளியில் கறி வந்தது. அவள் தொடவில்லை. மறுநாள் அண்ணனிடம், தண்ணீரை ஊற்றினால் எந்த ஆடுதான் சிலுப்பாது, அதற்குப் பெயர் உத்தரவா என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. சிலுப்பாமல் நின்ற ஆட்டை இரண்டு தடவை அவிழ்த்துவிட்டிருக்கிறேன், சின்ன வயதில் நீயே பார்த்திருக்கிறாய் என்றான். பார்த்திருந்தாள்தான். ஆனால் வேப்பிலை தின்ற அந்த வாய் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றோடு அசைவத்தை நிறுத்தினாள். வீட்டிலும் சமைப்பதில்லை. லோகன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வெளியே கோழி சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளித்து வீடு வந்து சேரப் பழகிக்கொண்டான்.

இதுவரை அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு மனுஷி கண்ணால் பார்த்தாள், மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டாள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் விட்டதை ஊரே விட வேண்டும் என்று ஓர் அவசரம் வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவள். கொமுட்டர் ரயிலில் தினமும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் தோலுரித்த மாடுகளும் கொக்கியில் தொங்கும் பன்றிகளும் அவள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறின. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டாள்.

குழுவில் சண்டை வந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் ரத்தத்தைக் காட்டாதே என்று பெரியப்பா மகன் வாசு எழுதினான். பவுனம்மாள் அத்தை குழுவை விட்டே போனார். கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வருகிறது என்று தெரிந்ததும் நாலாம் நாள் திரும்பி வந்தார். இன்னொருத்தி, என் பையன் சாப்பாட்டைப் பார்த்தாலே அழுகிறான், நிறுத்து என்று கெஞ்சினாள். பையனாவது அழுகிறானே, உங்களுக்கு அதுவும் வரவில்லையே என்று மாதவி பதில் போட்டாள்.

தஷ்வினியிடமும் அப்படித்தான். நாம் ஏன் கோழி சாப்பிடுவதில்லை என்று பிள்ளை கேட்டபோது, வாயால் சொல்லியிருக்கலாம். படத்தைக் காட்டினாள். யாரும்மா இப்படிச் செய்தது என்று கேட்டதற்கு, கெட்டவங்க என்றாள்.

ஒரு நாள் வாசு விடாமல் மல்லுக்கு நின்றான். நீ போடுகிறதெல்லாம் வெள்ளைக்காரன் ஃபேக்டரிப் படம், நம்ம ஊரில் சாமிக்குக் கும்பிட்டு மரியாதையாகச் செய்கிறோம், அதையும் இதையும் ஒன்றாக்காதே என்று எழுதினான். மாதவிக்குச் சுருக்கென்றது. ரயில் ஷா ஆலமைத் தாண்டியிருந்தது. கைப்பேசியில் பழைய படங்களைத் தேடினாள். கிடைத்தது. அரிவாள், ரத்தம், ஆட்டின் கழுத்து, அண்ணனுடைய இரண்டு கைகள்.

அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதனால் தோளுக்கு மேலே படத்தை நறுக்கினாள். "இது வெளிநாடு இல்லை. இது கிள்ளான். இதற்குப் பெயர் பக்தியா?" என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஃபேஸ்புக்கில் போட்டாள். சுபாங் ஜெயா வருவதற்குள் வேலை முடிந்தது.

முகத்தை எடுத்தவள் வேனைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், கோயிலுக்குப் பின்னால் அவனுடைய மஞ்சள் வேன் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில், எந்தப் பெற்றோரும் தேடி அலையக் கூடாது என்று சுகுமாறன் பெரிதாக எழுதிவைத்த பெயரும் தொலைபேசி எண்ணும் பளிச்சென்று இருந்தன. ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் மூவாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். அவள் போட்ட எதற்கும் இப்படி நடந்ததில்லை. சொல்லத்தான் வேண்டும், அன்று மத்தியானம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தோசையைப் பிய்த்துக்கொண்டே, வந்த கருத்துகளுக்கெல்லாம் வரிசையாக இதயம் போட்டாள். இவன் குடும்பம் விளங்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் போட்டாள்.

மூன்று மணிக்கு யாரோ படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்துவிட்டார்கள். சுகுமாறன் அப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பெற்றோர் யாரோ என்று எடுத்தான். முகம் தெரியாதவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் திட்டினார்கள். ராத்திரிக்குள் படம் பெற்றோர் குழுக்களுக்குப் போனது. முனியாண்டியும் வேண்டுதலும் அதோடு போகவில்லை. கைகள் மட்டும் போயின. இந்தக் கையை நம்பியா பிள்ளையை ஏற்றி அனுப்புகிறோம் என்று ஒரு தாய் கேட்டாள். இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை தோறும் பொரித்த கோழிக்கு வரிசையில் நிற்கிறவர்கள். அவர்களுக்கு இறைச்சி பிரச்சினை இல்லை, வெட்டிய கையைப் பார்த்ததுதான் பிரச்சினை. இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒரு வாரத்தில் ஏழு பேர்தான் மிஞ்சினார்கள்.

வாசு கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் மாதவிக்கு விஷயம் தெரிந்தது. உடனே படத்தை அழித்தாள். அவள் பக்கத்தில் அழிந்தது. மற்ற இடங்களில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். வேன் வாசலில் நின்றது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒன்றைத்தான் கேட்டான்.

"மூஞ்சிய ஏன் வெட்டுன?"

உன்னை யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அண்ணே என்றாள்.

"மூஞ்சியோட போட்டிருந்தா, இவன் நம்ம சுகு லா, நல்லவன்னு நாலு பேராச்சும் சொல்லியிருப்பான். வெறும் கையப் போட்டா கொலகாரன் கை மாதிரிதானே இருக்கு?"

ஆட்டுக்காகத்தான் செய்தேன் என்று முனகினாள். தெரியும் என்றான்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. தஷ்வினி பாலர் பள்ளிக்குப் போவது மாமா வேனில்தான், முன் இருக்கையில், எல்லோருக்கும் முன்னால் அவளை ஏற்றுவான். பள்ளியில் ஒரு பிள்ளை அக்காவின் கைப்பேசியைக் கொண்டுவந்து, உங்க மாமா என்று அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறது. வேறு பிள்ளையாக இருந்தால் என்ன ஏதென்று புரியாமல் போயிருக்கும். தஷ்வினிக்கு இந்த மாதிரிப் படத்தைப் படிக்க அம்மாவே சொல்லிக்கொடுத்திருந்தாள். மறுநாள் காலையில் வேன் வந்து நின்றதும் அவள் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தாள். மாமா கையில் ரத்தம் என்றாள். சுகுமாறன் இறங்கி வந்து, பாரு பாப்பா, சோப்புப் போட்டுக் கழுவியிருக்கேன் என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். பிள்ளை போட்ட அலறலில் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து லோகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறான். மாதவி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மாமா கெட்டவங்க இல்லை என்றாள். நீதானே சொன்னே என்று பிள்ளை கேட்டாள்.

சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். வாசுவும் மாமன் முறைதான், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார் பவுனம்மாள் அத்தை. மாதவி ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருவனை உட்காரவைத்தால், தனக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊரறிய எழுதிக் கொடுத்த மாதிரி. வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு லோகனையும் கூட்டிக்கொண்டு முறைப்படி அழைக்கப் போனாள். சுகுமாறன் தட்டை வாங்கிக்கொண்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

காது குத்தும் அன்று காலை ஒன்பது மணிக்குக் கிள்ளானிலிருக்கும் கோயில் மண்டபத்தில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். காது குத்துகிற நாகையா பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை நேரம் கேட்டுவிட்டார். மாதவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதேகாலுக்கு அந்த மஞ்சள் வேன் வந்தது. சுகுமாறன் வெள்ளை வேட்டியில் இறங்கினான். சீர்த்தட்டில் பட்டுப்பாவாடை, பழம், தோடு, ஒரு குறையும் இல்லை. யாரோ பக்கத்தில் குசுகுசுத்தார்கள். யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மணைப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்கள். தஷ்வினி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கைகளைத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க உடம்பு விறைத்தது. லோகன் இறக்கிவிட்டதும் தூணுக்குப் பின்னால் ஓடினாள். பவுனம்மாள் அத்தை, வாசு எழுந்திருப்பா என்றார். வாசு எழுந்திருக்கவில்லை; தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது சுகுமாறன் இரண்டு கைகளையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாரு பாப்பா," என்றான். "மாமாகிட்ட கை இல்ல."

தஷ்வினி தூணிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். கை தெரியவில்லை. மெதுவாக நடந்து வந்து, அவன் மடியின் நுனியில் உட்கார்ந்தாள்.

தாய்மாமன் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொள்வது வழக்கம். இங்கே பிடிக்க ஆளில்லை. லோகன் தலையைப் பிடித்தான். பத்தர் முதல் காதைக் குத்தியதும் பிள்ளை துடித்துச் சரிந்தாள். மடியிலிருந்து தரையை நோக்கிப் போனவளைச் சுகுமாறன் மார்பாலும் முழங்காலாலும் அணை கட்டி நிறுத்தினான். எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். மாதவி ஒருத்திதான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வலது கை தவித்து வெளியே வரப் பார்த்தது. இடது கை அதன் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. இரண்டாவது காதுக்கும் அப்படித்தான்.

முடிந்தது. தோட்டில் துளி ரத்தத்தோடு தஷ்வினி அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினாள். ஜனங்கள் பந்திக்கு நகர்ந்தார்கள். சுகுமாறன் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. கைகளையும் எடுக்கவில்லை. மாதவி பின்னாலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிருச்சுண்ணே. கைய எடு."

அவன் திரும்பாமலே கேட்டான். "புள்ள போயிருச்சா?"

"போயிருச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லு," என்றான்.