மதகைத் திறக்கச் சொன்ன தங்கை

அக்கா தங்கை இருவரில் மூத்தவள், ஏரிக்கரைச் சிகிச்சைக் கொட்டகையில் பறவை மருத்துவர். அந்தக் கோடையில் வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல், தண்ணீரில் தலை கவிழ்ந்து சாகத் தொடங்கின. இது காய்ச்சல் இல்லை, ஏதோ நஞ்சு என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது. ஆனாலும் ஆய்வக முடிவு வராமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பொறுத்தாள். அந்தப் பொறுமைதான் வினையாயிற்று.

தலைமை அலுவலகம் அனுப்பிய நீர் ஆய்வாளர் வேறு யாருமல்ல, அவளுடைய கூடப்பிறந்த தங்கை. வந்திறங்கியதுமே ஏரிப் பொறுப்பு அதிகாரி முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"தண்ணி வத்திப்போச்சு, வெயில் கொளுத்துது. பாசி அழுகி, அடிச்சேத்துல காத்தே இல்ல. அதுலதான் இந்த நச்சுக் கிருமி வளருது. செத்த வாத்துல புழு வைக்குது. நஞ்சு ஏறினாலும் புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அதைத் தின்ன வாத்து சாகுது."

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். இவள் யோசித்து முடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்திருப்பாள். "உன் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?" என்று அம்மா இவளைத்தான் திட்டுவாள்.

"மேல் மதகைத் திறந்து தண்ணி உள்ள விட்டா எல்லாம் சரியாகிடும்," என்றாள் தங்கை.

மூத்தவள் நிமிர்ந்தாள். தப்பு. காய்ந்து கிடக்கும் கரையில் இந்த வெயிலில் தண்ணீர் ஏறினால் புல்லும் பூச்சியும் மூழ்கி அழுகி, அங்கேயும் அதே நஞ்சு ஊறும். தீனிக்காக வாத்துக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் போய் மேயும். முன்பு வேலை பார்த்த ஏரியில் அதைக் கண்ணால் கண்டவள் அவள்.

சொல்லாமல் விட்டால்? திறக்கட்டும். ஒரு தடவையாவது அவள் மூக்கு உடைபடட்டும். அந்த நினைப்பு தேனாக இனித்தது.

மடியில் ஒரு வாத்து கிடந்தது. குழாய் வழியாக அதற்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். அதன் கழுத்து ஈரத் துணிபோல அவள் மணிக்கட்டில் தொங்கியது.

"மதகைத் தொடாதீங்க," என்றாள் அதிகாரியிடம். காரணத்தையும் சொன்னாள். "முதல்ல செத்ததையெல்லாம் அள்ளி எரிக்கணும்."

தங்கை சீறினாள். "நான் எது சொன்னாலும் உனக்குப் பொறுக்காதே!"

"ஆமா, பொறுக்கல. அதுக்காக நான் சொல்றது பொய்யாகிடுமா?"

தங்கை காய்ந்து கிடந்த கரையைப் பார்த்தாள். பிறகு ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அக்காவும் பின்னாலேயே இறங்கினாள். இருவரும் ஆட்களோடு சேர்ந்து பிணங்களைக் கோணிகளில் அள்ளினார்கள். சாவு மெல்லக் குறைந்தது. வெயில் தணிந்த பிறகே தண்ணீர் விட்டார்கள். பிழைத்த வாத்துகள் கொட்டகையிலிருந்து பறந்தன.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்து தங்கையைத்தான் பிடித்தார்கள். "எங்க அக்கா தடுக்கலைன்னா இந்த ஏரியை நானே சாகடிச்சிருப்பேன்," என்று அவள் சிரித்தபடி சொன்னாள். சுற்றி நின்றவர்கள் அவளுடைய பெரிய மனசை மெச்சினார்கள்.

மூத்தவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

"அக்கா, நீயும் வந்து நில்லு!"

"எனக்கு வேலை கிடக்கு," என்று கொட்டகைக்குள் போய்விட்டாள்.