கொசுதான் சார்

அந்த விடுதியின் மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'சமாளிப்பு'. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, கதவில் தாழ்ப்பாள் விழாவிட்டாலும் சரி, "சமாளிச்சுக்கலாம் விடு" என்பதுதான் அவருடைய ஒரே வைத்தியம். கீழ்த்தளத்துக் கோடி அறையில் தங்கியவர்கள் கணுக்காலைச் சொறிந்துகொண்டே வந்து முறையிட்டபோதும் நாக்குக் கூசாமல் சொன்னார்: "கொசுதான் சார். ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க."

கொசு இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். யாரோ ஒருவர் தம் நாயோடு வந்து அங்கே தங்கிப் போன பிறகுதான் இந்தக் கடி தொடங்கியது. அறை பெருக்கும் அக்கா, கம்பளத்தில் துள்ளிய தெள்ளுப்பூச்சியைக் காட்டி, "மருந்தடிக்க ஆள் கூப்பிடுங்க சார்" என்றாள். மருந்து வண்டி வாசலில் நின்றால் விடுதியின் மானம் என்னாவது? "ரூமைப் பூட்டிப் போடு. கடிக்க ஆள் இல்லைன்னா பட்டினியிலயே செத்துடும்" என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய கை, சாவியை மேசைக்குள் போட்டது.

இரண்டு மாதம் கழித்து மகள் கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டில் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை குழந்தைக்கு ஆகாது. மேனேஜரே கோடி அறையைத் திறந்து பார்த்தார். ஒரு பூச்சி கூட இல்லை. "பார்த்தியா, நான் அப்பவே சொல்லலை?" என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டு, தவழத் துடித்த பேத்தியைக் கம்பளத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் மகளின் அலறல் கேட்டு ஓடிவந்தார். குழந்தையின் வெள்ளைக் கவுனில் கடுகை வாரி இறைத்தது போலிருந்தது. அந்தக் கடுகு துள்ளியது. தட்டிவிடப் போன அவர் கையிலும் ஏறியது. குழந்தையின் தொடையெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"என்ன கடிச்சுது?" என்று கேட்டார் டாக்டர்.

"கொசுதான் சார்."

மேனேஜருக்கே தூக்கிவாரிப் போட்டது. நினைத்துச் சொல்லவில்லை, பழகிய நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, நசுங்கிய பூச்சியை டாக்டரிடம் காட்டினாள்.

"இது தெள்ளுப்பூச்சி. வீட்டுல நாய் இருக்கா?"

"லாட்ஜ் ரூம்ல, டாக்டர். ஒரு நாய் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"நாய் போயிடும், அது உதிர்த்த முட்டை கம்பளத்துலயே கிடக்கும். புழுவாகி, கூடு கட்டிக்கிட்டு மாசக்கணக்குல காத்திருக்கும். காலடி அதிர்ந்தா, உடம்புச் சூடு பட்டா, கூட்டமா வெளிய வரும். கொசுன்னு நம்பிக் களிம்பு கொடுத்து அனுப்பியிருந்தா, திரும்பவும் பிள்ளையை அங்கதானே படுக்க வச்சிருப்பீங்க?"

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "எத்தனை பேர்கிட்டப்பா இந்தக் கொசுக் கதையைச் சொன்னீங்க? அவங்க பெட்டியில ஏறி எத்தனை வீட்டுக்குப் போச்சோ. அங்கயும் தவழுற பிள்ளை இருக்கும்ல?"

அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

விடுதிக்குத் திரும்பியதும் மருந்தடிப்பவர்களுக்குப் போன் செய்தார். அப்போது ஒருவர் பெட்டியோடு வந்து கீழ்த்தளத்தில் அறை கேட்டார்.

"கீழ இப்ப தர முடியாதுங்க. தெள்ளுப்பூச்சி இருக்கு, மருந்தடிக்கப் போறோம்."

வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அக்கா பதறினாள். "என்ன சார், நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்க? சமாளிச்சிருக்கலாமே?"

"சமாளிச்சது போதும்மா. முன்னாடி அங்க தங்கினவங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லணும். பூட்டி வச்சு எந்தப் பூச்சியும் செத்ததில்லை. அடுத்தவன் பிள்ளையைத்தானே கடிக்குதுன்னு நாம மறைக்கிறது, கடைசியில நம்ம பிள்ளை மேலதான் வந்து ஏறும்."